மிடிநீக்கி, குடிநீக்கி

கன்னையாவுக்குக் கோபம் வந்தால் முகம் கறுத்துவிடும், வாய் தடித்துவிடும், கை மட்டும் நடுங்காது. அந்தக் கைக்காகத்தான் பிரிக்பீல்ட்ஸ் அச்சக முதலாளி பழனியப்பன் பதினெட்டு வருஷமாக அவருடைய வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ, கன்னையா அச்சுக் கோத்தால் பிழை இருக்காது. இருந்தால் அது எழுதிக் கொடுத்தவருடைய பிழை. அதையும் அவர் சும்மா விடமாட்டார். மாப்பிள்ளையின் பெயரையே தப்பாக எழுதிக்கொண்டு வந்த சம்பந்திகளை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறார்.

அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. 1909இல் அப்பா அம்மாவோடும் தங்கை வீரம்மாவோடும் கப்பலில் வந்து, கிள்ளான் பக்கத்தில் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இறங்கியபோது அவருக்குப் பதினேழு வயது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் அப்பாவையும் அம்மாவையும் ஒரே மாதத்தில் கொண்டுபோயிற்று. பால் மரம் வெட்டிக்கொண்டே, தோட்டத்துக் கடையில் மிளகாய் மடித்துக் கொடுத்த காகிதங்களை விரித்து வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். தங்கையை அதே தோட்டத்தில் ஒரு நல்ல பையனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். அச்சகத்தில் மை உருட்டும் வேலை கிடைத்தது. நாலு வருஷத்தில் கம்பாசிட்டர் ஆகிவிட்டார். தமக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம், ஒரு பெண்ணைக் கொண்டுவந்து தம் வாயில் போட மனசில்லை என்று சொல்லிவிடுவார்.

1930இல் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களை வெளியே தள்ளின. வீரம்மாவின் புருஷனுக்கும் சீட்டுக் கிழிந்தது. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குச் சர்க்காரில் காசு வாங்காமல் சும்மா கப்பல் விட்டார்கள். ஆயிரக்கணக்கில் மூட்டை முடிச்சோடு ஏறிப் போனார்கள். வீரம்மா போகவில்லை. பத்து வயதில் விட்டுவந்த ஊரில் தனக்கு யார் முகம் தெரியும் என்று கேட்டாள். அவளும் அவளைப் போல முரண்டு பிடித்த இன்னும் பதினைந்து குடும்பங்களும் பண்டமாரான் பக்கம் யாரும் சீந்தாத ஒரு சதுப்பைப் பிடித்தார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, அத்தாப்பு ஓலையால் கூரை போட்டுப் பதினாறு வீடு கட்டினார்கள். மரவள்ளி போட்டார்கள், வாழை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஆணியும் கயிறும் வாங்கிக்கொண்டு போய் கன்னையாவும் கூடமாட நின்றார். இரண்டு வருஷத்தில் அந்தச் சதுப்பு ஒரு கம்பம், சின்னக் கிராமம் என்று சொல்லும்படி ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அச்சகத்துக்குப் புத்தக வேலை ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் கிள்ளான் இராமலிங்கம். கங்காணியாக வந்து, ஆள் கட்டும் கண்டிராக்டராகி, இரண்டு லோரி வைத்து, பங்களா கட்டியவர். புதிதாக ஒரு கோயில் எழுப்பிக்கொண்டிருந்தார். கும்பாபிஷேகத்தன்று வெளியிட ஒரு புத்தகம் வேண்டும் என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் நெடுங்கரை அவருடைய ஊர். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே நெடுங்கரைராயன் என்று ஒரு சிற்றரசன் இருந்தானாம். அவன் வம்சம்தான் தாம் என்பது இராமலிங்கத்தின் கட்சி. அந்த ஊரில் பிறந்தவர்களெல்லாம் ராயன் வம்சம் என்றால், ராயனுக்கு மாடு மேய்த்தவன் வம்சம் எங்கே போயிற்று என்று கன்னையா அன்றைக்கே கேட்டார். பழனியப்பன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

புத்தகத்தில் மூன்று பகுதி. முதலில் ராயன் மேல் அக்காலத்துப் புலவர் ஒருவர் பாடிய நூறு பாட்டு, ஏட்டிலிருந்து எடுத்தது. அடுத்து ராயன் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்றின் நகல். மதராஸில் யாரோ படித்தவர் பிரதி பண்ணி அனுப்பியது. கடைசியில் இராமலிங்கத்தின் ஜீவிய சரித்திரம். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தவர் சின்னையா புலவர். இராமலிங்கம் வீட்டில் சாப்பாடு, இராமலிங்கம் கொடுத்த அறையில் ஜாகை.

வேலையைத் தொடங்கிய கன்னையாவுக்குப் பாட்டுகள் பிடித்துப்போயின. அதை ஒளிப்பானேன், சொக்கிப்போனார். பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டுத் தான் கஞ்சி குடித்த ராயன். உழுதவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ராயன். அதில் ஒரு குறளை அவர் ஞாயிற்றுக்கிழமை வீரம்மாவுக்குப் பாடியே காட்டினார்:

குடிதோறும் சென்று மிடிநீக்கி நின்றான்
நெடுங்கரை ராயன் அவன்.

வீடு வீடாகப் போய் வறுமையைப் போக்கினவன் என்று அர்த்தமும் சொன்னார். அப்படியும் ஒரு மனுஷன் இருந்தானா என்று வீரம்மா கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். இரண்டு தடவை பாடச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் காதில் விழுந்தது அவளுக்குப் போகாது.

பாட்டு முடிந்து கல்வெட்டுக்கு வந்தார். அது நடக்கவே சிரமப்படுகிற தமிழ். புள்ளி கிடையாது, நிறுத்தம் கிடையாது. ஒவ்வொரு எழுத்தாகப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோத்தார். கோயிலுக்கு ராயன் விட்ட நிலத்துக்குக் கிழக்கே எது எல்லை, மேற்கே எது எல்லை, விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு, அதற்கு ஆடு எத்தனை என்று அது போய்க்கொண்டே இருந்தது. ‘இம்மனைகள் முன்னுடையாரைத் தவிர்த்து’ என்று கோத்தார். அடுத்து ‘மிடிநீக்கி’ என்று கோத்தார். ‘தேவதானமாகச் சந்திராதித்தவரை செல்வதாகக் குடுத்தேன்’ என்று முடித்தார்.

புரூப் எடுத்து நகலோடு ஒத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் தட்டியது. நகலில் இருந்தது ‘மிடிநீக்கி’ அல்ல, ‘குடிநீக்கி’. பதினெட்டு வருஷத்தில் கன்னையாவின் கை செய்த முதல் பிழை. நூறு பாட்டுக் கோத்த பழக்கத்தில் விரல் தானாக ‘மி’ இருந்த அறைக்குப் போயிருக்கிறது. தம்மையே திட்டிக்கொண்டு திருத்தப் போனவருக்கு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று புரியவில்லை. மத்தியானம் புரூப் பார்க்க வந்த புலவரிடம் கேட்டார்.

புலவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அந்தக் காலத்து வழக்குச் சொல், விட்டுத்தள்ளு என்றார். கன்னையா விடவில்லை. கடைசியில் புலவர் முனகினார். அந்த மண்ணில் ஏற்கெனவே வீடு வாசலோடு இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தால் அப்படி வெட்டுவார்களாம்.

கன்னையா இன்னொரு தடவை வரியை வாசித்தார். ஆட்டுக்கு எண்ணிக்கை இருந்தது. எண்ணெய்க்கு அளவு இருந்தது. எல்லையில் நின்ற ஒரு புளியமரத்துக்குக்கூட இடம் இருந்தது. துரத்தப்பட்டவர்கள் யார், எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று ஒரு எழுத்து இல்லை.

“இதச் செஞ்சவனத்தான் அந்தப் புலவன் வீடு வீடாப் போயி வறுமையப் போக்குனான்னு பாடுனானா?” என்றார்.

புலவர் அச்சு இயந்திரத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீ மொதல்ல கோத்த மாதிரி மிடின்னே இருக்கட்டும் கன்னையா. பாட்டோட ஒத்துப்போவுது. யாருக்குத் தெரியப் போவுது?” என்றார்.

கன்னையாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தம் பிழையை, தமக்கு அவமானமான பிழையை, அந்த மனுஷன் நிஜமாக்கப் பார்க்கிறார். கல்லில் வெட்டினதை மாற்ற நீங்கள் யார், நான் யார் என்று கத்தினார். அச்சு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். புலவர் எதிரிலேயே ‘மி’யைப் பிடுங்கிவிட்டுக் ‘கு’வை வைத்தார். அவருக்கு ராயன் மேல் வந்த கோபத்தைவிடத் தம் மேல் வந்த கோபம் அதிகம். கை தட்டி ரசித்தோமே, தங்கைக்கு வேறு பாடிக் காட்டினோமே என்று அன்று முழுக்க அவருக்கு ஆறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பண்டமாரான் போனார். வீரம்மா சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுச் செய்தியைச் சொன்னாள். அந்தச் சதுப்புக்கு இராமலிங்கம் கிராண்டு வாங்கிவிட்டார். நிலம் இனி அவர் பேரில். அதை அவர் புதுக் கோயிலுக்கு எழுதி வைத்துவிட்டார். தேர் நிறுத்தவும் நந்தவனம் போடவும் இடம் வேண்டுமாம். கும்பாபிஷேகம் முடிந்ததும் பதினாறு வீட்டையும் காலி பண்ண வேண்டும். சேதி சொல்ல வந்த ஆள், தர்மத்துக்குக் கொடுத்தாயிற்று, தகராறு பண்ணினால் பாவம் சேரும் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கன்னையா சோற்றைத் தொடவில்லை. நேரே கிள்ளானுக்கு நடந்தார்.

இராமலிங்கம் கோபக்காரர் இல்லை. அதுதான் கன்னையாவுக்கு இன்னும் எரிச்சல். அடித்து விரட்டியிருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டாவது வந்திருக்கலாம். அவர் உட்காரச் சொன்னார். புத்தகம் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். வந்த காரியத்தைக் கன்னையா சொன்னதும் நிதானமாகத் தலையை ஆட்டினார்.

“ரெண்டு வருஷமா அங்க இருந்தாங்க. ஒரு வார்த்தை கேட்டேனா? இப்பவும் எனக்கா எடுத்துக்கிறேன்? சாமிக்குத்தான குடுக்கிறேன்.”

“குடுக்கிறது நீங்க மொதலாளி. போறது அவங்க வீடுல்ல?”

“அது வீடா கன்னையா? அத்தாப்பு.”

அந்தச் சதுப்பை வடித்தது யார், மரவள்ளி யார் போட்டது, நிலம் நிலமானதே அவர்களால்தானே என்று கன்னையா அடுக்கினார். இராமலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்தக் குடும்பங்களைத் தாம் மறக்கவில்லை, புத்தகத்தில்கூட அவர்களைப் பற்றி வருகிறது, புலவர் அருமையாக எழுதியிருக்கிறார் என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். பேச்சு முடிந்தது என்று வேலைக்காரன் வந்து சொன்னான்.

புலவர் என்ன எழுதியிருந்தார் என்று மறுநாள் தெரிந்தது. ஜீவிய சரித்திரத்தின் கடைசிப் பக்கம் கோப்பதற்கு வந்தது. ‘வேலையிழந்து திக்கற்று நின்ற பதினாறு குடும்பங்களுக்குப் பண்டமாரானில் தம் சொந்த நிலத்தில் இடமளித்து, நெடுங்கரைராயன் போலவே மிடிநீக்கிய வள்ளல்.’

அந்த வரியைக் கன்னையா தம் கையால் கோக்க வேண்டும். வீரம்மா வெட்டின வாய்க்காலை, அவள் புருஷன் தோளில் சுமந்த மரத்தை, தாம் வாங்கிப்போன ஆணியை இன்னொருத்தன் கொடையாக்கிக் கோக்க வேண்டும். பழனியப்பனிடம் போய் முடியாது என்றார். பழனியப்பன் கையைப் பிசைந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். கன்னையா கோக்காவிட்டால் வேறு ஆள் கோப்பான், அவ்வளவுதானே வித்தியாசம் என்றார். அது உண்மை. அந்த உண்மை மேலும் கோபம் வந்தது. கன்னையா திரும்பிப் போய்க் கோத்தார்.

புலவர் எல்லாப் புரூப்பையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பக்கங்களை இறுக்கிக் கட்டி இயந்திரத்தில் ஏற்றினார்கள். காகிதம் கொடுக்கும் முன்னால் கன்னையா ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஓட்டுகிறவனை நிறுத்தச் சொன்னார். அது வழக்கம்தான். குனிந்து பாட்டில் இருந்த ‘மி’யை நெம்பி எடுத்தார். ‘கு’வை வைத்துத் தட்டினார். ஜீவிய சரித்திரத்திலும் அதையே செய்தார்.

குடிதோறும் சென்று குடிநீக்கி நின்றான்
நெடுங்கரை ராயன் அவன்.

தளை தட்டவில்லை. மோனை முன்னைவிட நன்றாகவே விழுந்திருந்தது. எழுநூறு வருஷத்தில் முதல் தடவையாகப் பாட்டும் கல்லும் ஒன்றையே சொல்லின. ஓட்டு என்றார். ஐந்நூறு பிரதி ஓடியது.

அவருடைய கணக்கு இதுதான். விழாவில் பாட்டைப் பாடுவார்கள். சபையில் நாலு படித்தவர்கள் இருப்பார்கள். எழுந்து இதென்ன என்று கேட்பார்கள். இராமலிங்கம் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த வெட்கத்தில் வீடுகள் தப்பினாலும் தப்பும். முட்டாள்தனம் என்று பின்னால் அவரே சொன்னார். ஆனால் அச்சுக் கோக்கிறவனிடம் வேறு என்ன ஆயுதம் இருக்கிறது?

விழா வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே இராமலிங்கத்தின் இரண்டு லோரியும் வந்தன. பட்டப்பகலில் இருபது ஆட்கள் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். தோட்டத்தில் வேலை இழந்த ஆட்கள்தான் அவர்களும். முகத்தைத் திருப்பிக்கொண்டே பிரித்தார்கள். மரவள்ளி இன்னும் முற்றவில்லை. வீரம்மா பிடுங்க மாட்டேன் என்றாள். அப்படியே கிடக்கட்டும், சாமி தின்னட்டும் என்றாள்.

கும்பாபிஷேகத்தன்று பதினாறு குடும்பமும் கோயிலுக்கு வெளியே சட்டி பானையோடு உட்கார்ந்திருந்தன. சாப்பாடு போடுகிறார்கள், பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன, வேறு எங்கே போவது? கன்னையா தங்கை பக்கத்தில் நின்றார். உள்ளே மேடையில் பாகவதர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நல்ல கனத்த குரலில், அந்தக் குறளை எடுத்தார். ‘குடிநீக்கி நின்றான்’ என்ற இடத்தில் சங்கதி போட்டார். ஒருமுறைக்கு மூன்றுமுறை அதையே திருப்பிப் பாடினார்.

சபை ஆகா என்றது. முன்வரிசையில் படித்தவர்கள் தலையை ஆட்டினார்கள். இராமலிங்கம் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. புலவர் ஒருவருக்குத்தான் முகம் வெளுத்தது. மடியில் இருந்த புத்தகத்தைப் புரட்டினார், பாட்டைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு அப்பால் நின்ற கன்னையாவைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டும்.

வீரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, நீ எனக்குப் பாடுனப்ப இது வேற மாதிரில்ல இருந்துச்சு?”

கன்னையா அர்த்தத்தைச் சொன்னார். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கைகூப்பிக்கொண்டிருந்த இராமலிங்கத்தைப் பார்த்தாள்.

“செஞ்சத அப்படியே பாடுறாங்க. அவரு பாட்டுக்குக் கும்பிட்டுக்கிட்டு இருக்காரு,” என்றாள்.

கன்னையாவால் அங்கே நிற்க முடியவில்லை. அவமானப்படுத்தலாம் என்று நினைத்தவருக்கு அவமானம் என்பதே அங்கே இல்லாத சரக்கு என்று தெரிந்துவிட்டது. ராயனும் அப்படித்தான் இருந்திருப்பான். தப்பு என்று தோன்றியிருந்தால் கல்லில் வெட்டியிருப்பானா? யாருக்கும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தான். அந்தக் காலத்துப் புலவனுக்கு மட்டும்தான் அது தப்பு என்று தெரிந்திருக்கும். அதனால்தான் வறுமையைப் போக்கினான் என்று மாற்றிப் பாடினான்.

மூன்று வாரம் கழித்து வீரம்மாவும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் துறைமுகத்தில் நின்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் தம் ஒற்றை அறையில் வந்து இருங்கள் என்று கன்னையா கெஞ்சினார், அதட்டினார், சண்டை போட்டார். வேலை இல்லாத ஆறடி மனுஷன் எத்தனை நாளைக்கு மச்சான் சோற்றில் உட்காருவான் என்று தங்கை கேட்டுவிட்டாள். சும்மா போகிற கப்பல் இன்னும் எத்தனை போகுமோ, கிடைக்கிறபோதே போய்விடுகிறோம் என்றாள்.

கப்பலேற்றும் கொட்டகையில் மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கிராணி உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுப் படிவம் நிரப்பினார். பெயர், வயது, எந்த ஊர் என்று கேட்டார். கடைசியாக, நாடு திரும்பக் காரணம் என்று வாசித்து, கேட்காமலே எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கன்னையா கேட்டார்.

“சொந்த விருப்பம்,” என்றார் கிராணி.

கன்னையா மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். அவளுக்கு இங்கே வீடு இருந்தது, பிடுங்கிவிட்டார்கள், விருப்பம் என்று எப்படி எழுதலாம் என்றார். குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. கிராணி மிரளவில்லை. அலுத்துப்போயிருந்தார். அன்று காலையிலிருந்து இருநூறு பேருக்கு அதையேதான் எழுதியிருந்தார்.

“அண்ணே, வேற எதையும் எழுத இதுல எடம் இல்லண்ணே. எழுதலேன்னா சீட்டு இல்ல.”

அன்றைக்குத்தான் கன்னையாவின் கை நடுங்கியது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வீட்டைப் பிடுங்கினான், பிடுங்கினேன் என்று கல்லிலாவது வெட்டிவைத்தான். இன்னும் எழுநூறு வருஷம் கழித்து யாராவது இந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால், வீரம்மா என்பவள் ஆசைப்பட்டுத்தான் போனாள் என்று படிப்பார்கள். அந்தப் படிவத்தை இழுத்துக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. கிழித்தால் அவளுக்குச் சீட்டு இல்லை. அவர் கையை எடுத்தார்.

வீரம்மா அண்ணனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். சின்னவனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கட்டைவிரலை மையில் அமுக்கி, கிராணி காட்டிய இடத்தில் வைத்தாள். விரலைத் துடைக்க அவர் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்.